பெலானாக் மிரளும் ஜெட்டி

மெர்சிங்
12 ஜனவரி 2025

ஜெயபாலனுக்கு,

கஸ்தூரி எழுதுவது. இங்கே மூன்று பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அப்படித்தான் இருப்பாய்.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காதே. அம்மாவின் கருமாதி வீட்டில் அத்தனை பேர் முன்னால் "இனிமே இவன் குரல என் காதால கேக்க மாட்டேன்" என்று சொன்னேன். சொன்னபடி ஏழு மாதமாகக் கேட்கவில்லை. உன் நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்தைப் படிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஆக, இது சமாதானம் இல்லை. காரியம் ஆக வேண்டும், எழுதுகிறேன்.

நவம்பரில் உன் மச்சானுக்கு லேசாக ஸ்ட்ரோக் வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கையில்தான் பாதி வலு போய்விட்டது. முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் கத்திக் கத்திப் பேசிய மனுஷன், இப்போது எதைக் கேட்டாலும் "ம்" தான். லாயாங் லாயாங் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் தீபனோடு இங்கே வந்துவிட்டோம். அவனுக்குத் தீவுக்குப் போகிற ஃபெரி கவுண்டரில் வேலை. டாக்டர் ஏதாவது ஒன்றில் மனத்தை வைக்கச் சொன்னார் என்று அவன்தான் அப்பாவுக்குத் தூண்டில் வாங்கிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து தினமும் படகுத்துறை ஜெட்டியில்தான் இருக்கிறார். மழைக்காலம், ஃபெரி ஓடவில்லை, ஜெட்டி காலியாகத்தான் கிடக்கிறது. கீழே பெலானாக் மீன் கூட்டம் கூட்டமாக முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. நானே போய்ப் பார்த்தேன். கையை விட்டால் அள்ளலாம் போல இருக்கிறது. ஒன்றாவது தூண்டிலைத் தொட வேண்டுமே! போட்காரர்கள் "அங்கிள், இன்னிக்கும் மீனுக்கு லீவு லா" என்று சிரிக்கிறார்கள். காலி வாளியோடு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ எதில் உருப்பட்டாயோ இல்லையோ, பெலானாக் பிடிப்பதில் பொந்தியானில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். எப்படி என்று எழுது. அம்மாவுக்குக் கொள்ளி வைத்த கையோடு சிங்கப்பூர் வேலைக்கு ஓடினாய். பதினாறாம் நாள் சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாம் என்று சொல்லிச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நின்றாய். மகன் போட வேண்டிய பிண்டத்தை உன் பொந்தியான் ஜெட்டியிலேயே மருமகன் போட்டார். அந்த மருமகனுக்காகத்தான் கேட்கிறேன்.

கஸ்தூரி

*

பொந்தியான்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். மச்சானுக்கு உடம்பு முடியாமல் போனதை இப்போதுதான் அறிகிறேன். எனக்குச் சொல்ல யாரும் இல்லை, அது என் தப்புதான். நான் நலம். ஷிஃப்ட்டு முடிந்தால் அறை, லீவு நாளில் ஜெட்டி. தனிக்கட்டைக்கு வேறு என்ன?

மச்சானிடம் சொல்லுங்கள். பெலானாக் பசியில்லாத மீன் இல்லை, பயந்த மீன். அது நம்மைப் பார்ப்பதற்கு முன்னால் நம் காலைக் கேட்டுவிடும். பலகையில் செருப்போடு நடக்கக் கூடாது. ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கவே கூடாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் தண்ணீரில் விழும், அதனால் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, கம்பியிலிருந்து இரண்டு அடி தள்ளி.

தீபன் வாங்கிக் கொடுத்த தங்கூசி நூல் தடியாகத்தான் இருக்கும். கடைக்காரர்கள் புதுசாக வருகிறவர்களுக்கு அதைத்தான் தள்ளிவிடுவார்கள். முடி மாதிரி மெல்லிசாக மாற்றச் சொல்லுங்கள். தூண்டில் முள் உங்கள் மூக்குத்திக் கொக்கி அளவுக்கு இருந்தால் போதும். இறால் வேண்டாம், வெள்ளை ரொட்டிதான். நடுப்பகுதியைப் பிய்த்து முள் மேல் லேசாகக் கிள்ளி வைக்க வேண்டும். உருண்டையாகப் பிசைந்தால் கல்லு மாதிரி அமிழ்ந்துவிடும்.

அக்கா, ஒன்று கேட்கலாமா? அம்மாவின் தலைத்திவசம் எப்போது வருகிறது? தேதி பார்த்துவிட்டீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி ஜெயபாலன்

*

மெர்சிங்
9 பிப்ரவரி 2025

ஜெயபாலனுக்கு,

நாங்கள் நலம். வேறு விசேஷம் இல்லை.

நீ சொன்னதெல்லாம் செய்தாயிற்று. செருப்பைக் கழற்றினார். ஸ்டூல் போட்டார். முடி மாதிரி தங்கூசி வாங்க தீபன் மூன்று கடை ஏறி இறங்கினான். காலையில் நான் கைக்குத் தைலம் தேய்த்துவிட்டு, காபி கொடுத்து, ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டி அனுப்புகிறேன். ஆபீசுக்குப் போகிற மாதிரி போகிறார். பலன் என்ன? பெலானாக் ரொட்டிக்குப் பக்கத்தில் வந்து, முகர்ந்து பார்த்து, சாவு வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி திரும்பிப் போய்விடுகிறதாம். இதைக்கூட அவர் சொல்லவில்லை. தீபன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாயா? கழுவுற மீனில் நழுவுற மீன் ஆயிற்றே நீ. முழுசாகச் சொல்.

கஸ்தூரி

*

பொந்தியான்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தைப்பூசத்துக்கு உங்கள் மூன்று பேர் பெயரிலும் இங்கே அர்ச்சனை வைத்தேன்.

கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அலமாக், அக்கா! தைலம் தேய்த்த கையால் ரொட்டி கிள்ளினால் எந்த மீன் வரும்? பெலானாக்குக்கு மருந்து போட்ட முதல் ஆள் மச்சான்தான். தைலத்தைச் சாயங்காலம் தேயுங்கள். காலையில் சோப்பு வேண்டாம், கடல் தண்ணீரிலேயே கையைக் கழுவி, கொஞ்சம் மணலில் தேய்த்துவிட்டு ரொட்டியைத் தொடட்டும்.

இன்னொன்று. பத்து நாளைக்குத் தூண்டிலையே எடுத்துப் போக வேண்டாம். வெறும் ரொட்டி மட்டும். அதே இடம், அதே நேரம், தண்ணீர் ஏறி நிற்கப் போகிற நேரம். துளித் துளியாகப் போடட்டும். மீன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். போட்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "இங்கே போனால் ஒன்றும் ஆகாது" என்று மீனுக்குத் தோன்ற வேண்டும். பயந்ததை விரட்டிப் பிடிக்க முடியாது, அக்கா. பதினொன்றாம் நாள் முள்ளோடு போடச் சொல்லுங்கள். கடித்ததும் வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்துவிடும், அவ்வளவு மெல்லிய வாய். தடியை மட்டும் மெதுவாகத் தூக்கி, கைவலையில் வாங்க வேண்டும்.

திவசத் தேதியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கேட்டதை மறந்திருப்பீர்கள்.

தம்பி ஜெயபாலன்

*

மெர்சிங்
23 மார்ச் 2025

தம்பி ஜெயபாலனுக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமா? சிங்கப்பூருக்கு விடியற்காலையில் அந்த நீலக் காரில் போகிறாய் என்று தீபன் யாரிடமோ கேட்டுச் சொன்னான். மழையில் பார்த்துப் போ.

புதன்கிழமை ஒன்று மாட்டியது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாசலில் நின்று "கஸ்தூரி!" என்று கத்தினார். நாலு மாதத்துக்குப் பிறகு என் பெயரை அவர் வாயில் கேட்டேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கையில் கரண்டியோடு ஓடினேன். வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இடது கையால்! அந்தக் கை தூக்குமென்று எனக்கே தெரியாது.

அசாம் புளி போட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "மொதல்ல வந்து மோந்து பாத்துச்சு கஸ்தூரி, நான் மூச்சே விடல. ரெண்டாவது தடவ வந்துச்சு, அப்பவும் விடல" என்று. அந்த ஒரு மீனைப் பிடித்த கதை முக்கால் மணி நேரம் ஓடியது. தீபன் என்னைப் பார்த்தான், நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

அக்கா கஸ்தூரி

*

பொந்தியான்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். "அக்கா" என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மச்சானை இனிமேல் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி, தண்ணீர் ஏறிய நேரம், கலங்கலா தெளிவா, என்ன இரை, எத்தனை மீன், இவ்வளவும் அன்றன்றைக்கே ஜெட்டியிலேயே உட்கார்ந்து எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதினால் மீன் பெரிசாகிவிடும். நான் பதினேழு வருஷமாக எழுதுகிறேன். ஊரில் யாரிடம் என்ன பொய் சொன்னாலும் அந்த நோட்டில் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வருஷம் மீன் கிடைக்காது.

அக்கா, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அம்மாவுக்குப் பதினாறாம் நாள் நான் செய்யவில்லை. தலைத்திவசமாவது என் கையால் செய்ய வேண்டும். அதற்கு நீங்கள் "வா" என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாமல் நான் வந்து நின்றால் சொந்தக்காரர்கள் மூஞ்சியில் முழிக்க முடியாது. இது ஒன்றுதான் எனக்கு வேண்டும். இரவில் படுத்தால் இதுதான் வந்து நெஞ்சில் உட்காருகிறது.

தீபனுக்கு என் அன்பு.

தம்பி ஜெயபாலன்

*

மெர்சிங்
4 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இங்கே உன் மச்சான் கருத்துப் போய், கன்னம் வைத்து, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். இதுவரை இருபத்திரண்டு பெலானாக். நோட்டில் இருக்கிறது, நான் சொல்லவில்லை. போட்காரர்கள் இப்போது அவரிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். அவரும் மகா பெரிய ஆள் மாதிரி "மொதல்ல செருப்பக் கழட்டு லா" என்கிறார்.

ஒரு மாதமாக நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அம்மா கடைசி மூன்று மாதம் "பாலா வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாசல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். அதை மறக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் உன் மச்சான் போன வாரம் சொன்னார், "ஜாம்ல மாட்டுனவன எத்தன வருஷம் தண்டிப்ப? பாலம் என்ன அவன் அப்பன் வீட்டுதா?" மறுநாளே ஐயரிடம் தேதி கேட்கப் போனேன்.

ஆனி வளர்பிறை நவமி, ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை என்று ஐயர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இந்த மெர்சிங் ஜெட்டிப் படியிலேயே செய்துவிடலாம். நீ வா. நீதான் செய்ய வேண்டும். உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று சொன்ன சொல் அன்றைக்கு முடிந்துவிடும். அம்மா மன்னித்துக்கொள்வார்.

உடம்பைக் கவனி. சோறு ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

*

பொந்தியான்
11 மே 2025

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். வருவேன், அக்கா. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் "ஃப்ரைடே டைட் லா பாலன்" என்று இழுத்தார். "எங்கம்மா காரியம் சார், வேலையே போனாலும் பரவால்ல" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் மச்சானுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. என்னிடம் உருப்படியாக இருப்பது ஒன்றுதான். என் பதினேழு வருஷ நோட்டுகளைக் குரியரில் அனுப்புகிறேன். நாலு நோட்டு. பொந்தியான் தண்ணீரும் மெர்சிங் தண்ணீரும் வேறுதான், ஆனாலும் மீனின் புத்தி ஒன்றுதான். அந்தந்த மாதத்துக்கு நான் எழுதியதை மச்சான் பார்த்துக்கொண்டால் போதும். அவரே வைத்துக்கொள்ளட்டும். இனி எனக்கு வேண்டாம்.

ஜூலை நாலு. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி பாலன்

*

மெர்சிங்
15 ஜூன் 2025

ஜெயபாலனுக்கு,

இன்று அம்மா போய் ஒரு வருஷம், இங்கிலீஷ் தேதிப்படி. உன் சுகத்தை விசாரிக்க எனக்கு மனமில்லை.

உன் மச்சான் உன் நோட்டைப் பேப்பர் படிக்கிற மாதிரி தினமும் படிப்பார். சென்ற மாதம் முப்பதாம் தேதி, ஜூன் மாதத்துக்கு நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்கக் கடைசி நோட்டைப் பிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து நோட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். என்னங்க என்றேன். "ம்" என்றார். பழைய "ம்". நான் எடுத்துப் படித்தேன். இரண்டு வாரமாக எழுதக் கை வரவில்லை. உனக்கு மறந்திருந்தால் உன் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"30 ஜூன் 2024, ஞாயிறு. ஏற்றம் 10.20. கலங்கல். 8.30 முதல் டீசல் கொட்டகைக்குப் பின்னால். 10.40க்கு அவர்கள் போனார்கள். படி ஓரம் எள்ளுச் சோறு. பெலானாக் ரொட்டியை விட இதற்கு நிற்கிறது, பயமே இல்லை. முள்ளில் எள்ளுச் சோறு. 11.05 முதல் 12.30. பதினொன்று."

அவர்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது நாங்கள். நான், உன் மச்சான், தீபன், பெரியப்பா பிள்ளைகள், கத்தியும் கிண்ணமுமாக உனக்கு மொட்டை போட உட்கார்ந்திருந்த மனுஷன். இரண்டு மணி நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐயர் மகன் எங்கே என்று கேட்கக் கேட்க, "வந்துக்கிட்டே இருப்பான் சாமி, பாலத்துல ஜாமா இருக்கும்" என்று நான் உனக்காகக் கெஞ்சினேன். நீ இருபது அடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

அதோடு விட்டாயா? நாலு மணிக்கு ஐஸ் பெட்டியோடு வந்தாய். "வெறுங்கையோட வர மனசில்லக்கா, பாசார்ல மீன் வாங்கினேன்" என்றாய். கருமாதி முடிந்து வந்தவர்களுக்குக் கறிச்சோறு போட வேண்டும், நான்தான் கழுவினேன். வயிற்றைக் கீறியதும் சோறு வந்தது. கறுப்பு எள்ளும். யாரோ எங்கேயோ காரியம் செய்திருப்பார்கள் என்று தண்ணீரை ஊற்றி அலசிவிட்டேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், ஜெயபாலன். அம்மாவுக்குப் போட்ட சோற்றைத் தின்ற மீனை எனக்குச் சமைக்கக் கொடுத்தாய்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் மீன் சமைக்கவில்லை. உன் மச்சான் ஜெட்டிக்குப் போகவில்லை.

ஏன் என்று மட்டும் சொல். பொய் சொல்லாமல் சொல்.

கஸ்தூரி

*

பொந்தியான்
21 ஜூன் 2025

அக்காவுக்கு,

நலம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

பாலத்தில் ஜாம் இல்லை. அன்று எனக்கு வேலையே இல்லை. எட்டேகாலுக்கே ஜெட்டிக்கு வந்துவிட்டேன், வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு. நீங்கள் எல்லோரும் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். கொள்ளி வைத்த அன்று பெரியப்பா மகள் செல்லம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், "சித்தி கண்ணு கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்துச்சு" என்று. ஒவ்வொரு வாரமும் ஃபோனில் "வர்ற வாரம் வாரேம்மா" என்று அம்மாவிடம் சொன்னவன் நான். வந்து படுக்கையில் பார்க்கப் பயம். அவ்வளவுதான், அக்கா, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அம்மா எலும்பாகக் கிடப்பதைப் பார்க்கப் பயம்.

ஐந்து நிமிஷம் மனத்தைத் தேற்றிக்கொண்டு வரலாம் என்றுதான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். ஐந்து நிமிஷம் ஆனதும், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்பார்களே என்று இன்னும் ஐந்து நிமிஷம். அப்படியே நேரம் ஆக ஆக, எழுந்து வரவே முடியாமல் போய்விட்டது. நீங்கள் எனக்கு ஃபோன் அடிப்பதைப் பார்த்தேன். என் பாக்கெட்டில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. பதினான்கு தடவை.

நீங்கள் போன பிறகு படியில் இறங்கித் தண்ணீரையாவது தொட்டுக் கும்பிடலாம் என்று வந்தேன். பெலானாக் கூட்டம் காலடியில் கொதித்தது. தூண்டில் பின் தெருவில் நிறுத்தியிருந்த காரில் இருந்தது. என் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், செய்துவிட்டது. அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் நோட்டில் இருப்பது எனக்குத் தெரியும். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு தடவை கிழிக்கப் பார்த்தேன். மச்சான் அது வரைக்கும் படிக்க மாட்டார் என்று நினைத்தேனா, படிக்கட்டும் என்று நினைத்தேனா, சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

திவசத்துக்கு வரட்டுமா வேண்டாமா? ஒரு சொல் எழுதுங்கள்.

ஜெயபாலன்

*

மெர்சிங்
27 ஜூன் 2025

ஜெயபாலனுக்கு,

உன் கடிதம் வந்தது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் நீ முதல் தடவையாக உண்மை எழுதியிருக்கிறாய்.

உன் மச்சான் சொல்கிறார், "அவன் பண்ணது அவனோட. அத்தைக்கு அவன் கை சோறு போகணும், அதுக்குத்தான அந்தக் கெழவி காத்துக்கிட்டிருந்துச்சு." எனக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி, மெர்சிங் ஜெட்டி. வேட்டி நான் வாங்கி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடவில்லை. நான், அவர், தீபன், ஐயர், நாலே பேர். யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டோம். எங்கே இருந்தாய் என்றுகூடக் கேட்க மாட்டோம். வந்து நின்றால் போதும்.

அக்கா

*

மெர்சிங்
6 ஜூலை 2025

மாப்பிள்ளை ஜெயபாலனுக்கு,

லெட்சுமணன் எழுதுகிறேன். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துதான் பழக்கம் விட்டுப் போச்சு. நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். உங்கள் அக்கா எழுத மாட்டாள். இனிமேல் எதுவும் எழுத மாட்டாள்.

நாங்கள் ஏழரைக்கே போய்விட்டோம். எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உங்கள் நீலக் காரைப் பார்த்தேன். ஐஸ் கொட்டகை ஓரத்தில், வேப்ப மரத்துக்குக் கீழே. படிக்கும் அதற்கும் முப்பது அடி இருக்காது. இறங்கி வரப் போகிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். நான் வந்து கதவைத் திறந்திருக்கலாம். கூப்பிட்டால் வண்டியைத் திருப்பிவிடுவீர்களோ என்று பயந்து சும்மா இருந்தேன். அது என் தப்பு என்றால் தப்புதான்.

எட்டரைக்கு ஐயர் "மகன் வரலியாம்மா?" என்று கேட்டார். கஸ்தூரி "வந்துருவான் சாமி" என்றாள். வேட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பதேகாலுக்குத் திரும்பவும் கேட்டார். "கொஞ்சம் பொறுங்க சாமி, தூரத்துலேந்து வரணும்" என்றாள். அப்போது தீபன் உங்களுக்கு ஃபோன் அடித்தான். நீங்கள் குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

பத்து மணிக்கு ஐயர் தண்ணீர் இறங்கப் போகிறது என்றார். "மகன் வர்றாரா இல்லியா, ஒரு முடிவா சொல்லுங்கம்மா."

உங்கள் அக்கா ரோட்டுக்கு முதுகைக் காட்டி ஐஸ் கொட்டகைப் பக்கம் திரும்பினாள். கார் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வேட்டியைத் தீபன் கையில் கொடுத்தாள்.

"மகன்னு யாரும் இல்ல சாமி. எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ள. குடுங்க, பிண்டத்த நானே போடறேன்" என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

உங்கள் கார்க் கண்ணாடி இறக்கித்தான் இருந்தது.

லெட்சுமணன்